தென்மீன் ஓரத்தில் சமகிய: இலங்கை பெயரிட்ட தொலைகோள்

செப்டெம்பர் மாத நடுப்பகுதியில் இரவு பத்து மணியளவில் தம்புள்ளையிலிருந்து நேர் தெற்கே நோக்கினால், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 50 பாகை உயரத்தில், மகர ராசியின் வாற்பகுதிக்குக் கீழே, ஒளி குன்றிய விண்மீன்கள் சில சிதறிக்கிடக்கும் ஒரு வான்பரப்புத் தெரியும். தென்மீன் என்று பெயர்பெற்ற உடுத்தொகுதி, அதாவது விண்மீன்களை ஓர் உருவமாகக் கற்பித்து வகுத்த வான்பகுதி, இதுவே ஆகும். அதன் மேற்கு ஓரத்தில் இருக்கும் விண்மீன் ஒன்று வெறுங்கண்ணுக்குப் புலப்படும் எல்லையைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு மங்கலானது. ஆகவே நல்ல இருகண் தொலைகாட்டியோ சிறிய தொலைகாட்டியோ இல்லாமல் அதைக் காண இயலாது. வானியலாளரின் ஹென்றி டிரேப்பர் பட்டியலில் எச்.டி. 205739 என்ற எண்ணை மட்டுமே கொண்டிருந்த அந்த விண்மீனுக்கு 2019 ஆம் ஆண்டு முதல் 'சாமய' என்றும், அதைச் சுற்றிவரும் கோளுக்குச் 'சமகிய' என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் சிங்களச் சொற்கள். முன்னது சமாதானம் என்றும் பின்னது ஒற்றுமை என்றும் பொருள்படும்.

சூரியனைத் தவிர்ந்த வேறொரு விண்மீனைச் சுற்றிவரும் கோளைப் புறக்கோள் என்பர். இதுவரை உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000 ஐத் தாண்டியுள்ளது. அவற்றுள் மிகச் சிலவற்றுக்கே மனிதர் வழங்கும் மொழிகளில் பெயர் உண்டு. எஞ்சியவை எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாலேயே அறியப்படுகின்றன. எவரும் நேரில் கண்டிராத ஒரு கோளுக்கு ஒரு நாடு பெயரிட்டது என்றால், அக்கோளைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது எது, கணக்கிட்டு ஊகிக்கத் தக்கது எது, முழுக் கற்பனைக்கு விடப்பட்டது எது என்று பிரித்தறிவது அந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய அறிவாகும்.

பெயர் வந்த வழி

வானப் பொருள்களுக்கு முறைப்படி பெயர் வழங்கும் உரிமையுடைய அமைப்பு சர்வதேச வானியல் ஒன்றியம். 1919 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அவ்வொன்றியம் தன் நூற்றாண்டையொட்டி, உலக நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கி, பெயரைப் பொதுமக்களே தெரிவுசெய்யும் திட்டமொன்றை 2019 இல் நடத்தியது. ஒதுக்கப்படும் விண்மீன் அந்தந்த நாட்டின் அகலக்கோட்டிலிருந்து சிறிய தொலைகாட்டியால் காணத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் நியதிகளுள் ஒன்று. உலகெங்கும் 7,80,000 க்கும் மேற்பட்டோர் பங்குபற்ற, 112 நாடுகள் தெரிவுசெய்த பெயர்கள் 2019 டிசெம்பர் 17 ஆம் நாள் அறிவிக்கப்பட்டன.

ஒவ்வொரு நாடும் தன் மண்ணின் நினைவுகளிலிருந்து பெயரை எடுத்தது. இந்தியா தனக்குக் கிடைத்த விண்மீனுக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாகப் 'பிபா' என்றும், கோளுக்கு மேகம் கவிந்தது என்று பொருள்தரும் 'சந்தமசா' என்றும் பெயரிட்டது. நேபாளம் சாகர்மாதா சிகரத்தையும் லாலிகுராஸ் மலரையும் வானுக்கு ஏற்றியது. பாகிஸ்தான் விளக்கையும் விட்டிலையும் குறிக்கும் 'ஷமா', 'பர்வானா' என்ற இணையைத் தேர்ந்தது. மலேசியா வைரத்தையும் ஓபல் மணியையும் குறிக்கும் மலாய்ச் சொற்களைச் சூட்டியது. இலங்கை எந்தத் தெய்வத்தின் பெயரையும் எந்த மன்னனின் பெயரையும் நாடாமல் இரண்டு வேண்டுதல்களைத் தெரிவுசெய்தது. அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளால் நாடு துயருற்றிருந்ததையும், நீண்ட போர் முடிந்து பத்து ஆண்டுகளே கடந்திருந்ததையும் எண்ணும்போது அச்சொற்களின் கனம் புரியும். சொற்கள் சிங்களமாயினும் அவை சுட்டும் பொருள், அதே மண்ணில் தமிழ் பேசுவோர் நெடுங்காலமாக ஏங்கிநிற்கும் பொருளேயாகும்.

காணாத கோளைக் கண்டறிந்த முறை

சமகியவை எந்தத் தொலைகாட்டியும் நேரடியாகப் படம்பிடித்ததில்லை. அது இருப்பதை அறிவித்தது அதன் விண்மீனின் அசைவு. ஒரு கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று வழக்கமாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் இரண்டும் தமக்குப் பொதுவான ஈர்ப்பு மையமொன்றைச் சுற்றுகின்றன. கனத்த விண்மீன் சிறு வட்டத்திலும் இலேசான கோள் பெரு வட்டத்திலும் சுழல்வதால், விண்மீன் சிறிது காலம் பூமியை நோக்கி வருவதும் பின்னர் விலகுவதுமாக இருக்கும். நெருங்கிவரும் புகையிரதத்தின் ஊதல் கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதைப் போல, நெருங்கும் விண்மீனின் ஒளி நீலப் பக்கமாகவும் விலகும் விண்மீனின் ஒளி சிவப்புப் பக்கமாகவும் நுண்ணளவில் இடம்பெயரும். இதற்கு டொப்ளர் விளைவு என்று பெயர். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியைக்கொண்டு இவ்விடப்பெயர்ச்சியை அளந்தே சுவிற்சர்லாந்து வானியலாளரான மிஷெல் மையரும் டிடியே கெலோவும் 1995 இல், சூரியனை ஒத்த ஒரு விண்மீனுக்குரிய முதற் புறக்கோளைக் கண்டறிந்தனர். அதற்காக அவர்கள் நோபல் பரிசு பெற்றதும், சமகியவுக்குப் பெயர் கிடைத்த அதே 2019 இலேயே.

சமகியவின் கண்டுபிடிப்பை மெர்சிடிஸ் லோப்பஸ்-மொராலஸ் தலைமையிலான குழு 2008 இல் வெளியிட்டது. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் லாஸ் கம்பனாஸ் மலைமீதுள்ள மகெலன் தொலைகாட்டியால் அக்குழு எச்.டி. 205739 விண்மீனை மீண்டும் மீண்டும் அளந்தபோது, அது செக்கனுக்கு ஏறத்தாழ 40 மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னுமாக அசைவதும், அவ்வசைவு 279.8 நாட்களுக்கு ஒருமுறை மீள நிகழ்வதும் தெரியவந்தன. ஏறத்தாழ 300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு பெருங்கோளம், நெடுஞ்சாலையில் விரையும் வாகனத்தின் வேகத்தில் அசைவதை இங்கிருந்து அளக்க முடிந்தது என்பது மனித அறிவின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று.

அந்த அசைவிலிருந்து கிடைத்த செய்திகள் சிலவே எனினும் உறுதியானவை. சாமய சூரியனைவிடச் சற்றே வெப்பமானது. அதன் நிறை சூரியனைப்போல் 1.22 மடங்கு, அது வெளிவிடும் ஒளி சூரியனுடையதைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேல். சமகியவின் நிறை வியாழனைப்போல் குறைந்தது 1.37 மடங்கு. குறைந்தது என்று சொல்லக் காரணம், கோளின் பாதை பூமியிலிருந்து எவ்வளவு சரிவாகத் தெரிகிறது என்பதை இம்முறையால் அறிய முடியாமையே. பாதை சரிந்திருக்குமாயின் உண்மையான நிறை மேலும் கூடும். அது தன் விண்மீனிலிருந்து சராசரியாக 13.4 கோடி கிலோமீற்றர் தொலைவில், அதாவது வெள்ளிக்கும் பூமிக்கும் இடைப்பட்ட தொலைவில், நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. அப்பாதை பூமியினுடையதைப்போல் கிட்டத்தட்ட வட்டமாக அமையாமல் நன்கு நீண்டிருப்பதால், கோள் விண்மீனை மிக நெருங்கும்போது 9.8 கோடி கிலோமீற்றரிலும், மிக விலகும்போது 17 கோடி கிலோமீற்றரிலும் இருக்கிறது.

எண்களிலிருந்து எழும் வளிமண்டலம்

ஒரு புறக்கோளின் வளிமண்டலத்தை நேரடியாக ஆராய, அது தன் விண்மீனின் முகத்தைக் குறுக்காகக் கடக்க வேண்டும். அப்போது கோளின் விளிம்பிலுள்ள வளியினூடாக வடிந்துவரும் விண்மீன் ஒளியில் அவ்வளியின் அடையாளங்கள் பதிந்திருக்கும். சமகிய அவ்வாறு குறுக்கே கடந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. ஆயினும் கோளின் நிறையும் அது பெறும் வெப்பமும் தெரிந்திருப்பதால், வளிமண்டலம் எப்படிப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதை இயற்பியல் விதிகளின் துணையால் ஊகிக்கலாம். வியாழனை ஒத்த நிறையுடைய கோள் பெரும்பாலும் ஐதரசனும் ஈலியமும் திரண்ட வளிக்கோளம். அதில் கால் ஊன்றத் தக்க தரை கிடையாது. இறங்க இறங்க வளி அடர்ந்து, அமுக்கம் பெருகி, இறுதியில் திரவமாகவே மாறும்.

சராசரியாகச் சமகிய பெறும் வெப்பம் பூமி பெறுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பெறும் வெப்பம் முழுவதையும் உறிஞ்சித் திருப்பி வெளிவிடுவதாகக் கொண்டு கணக்கிட்டால் அதன் மேல்வளியின் வெப்பநிலை ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ் ஆகும். அதே கணக்கின்படி விண்மீனை நெருங்கும்போது 150 பாகை அளவுக்கு உயர்ந்து, விலகும்போது 50 பாகைக்குக் கீழே தணியும். பெரிய வளிக்கோளம் வெப்பத்தை மெதுவாகவே ஏற்று மெதுவாகவே இழக்குமாதலால் உண்மையான ஏற்ற இறக்கம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். வியாழனில் காணும் வெண்மையும் கபிலமும் கலந்த பட்டைகள், கடுங்குளிரில் உறைந்த அமோனியா முகில்களால் ஆனவை. சமகியவின் வெப்பத்தில் அமோனியா உறையாது, நீராவியும் எளிதில் முகிலாகத் திரளாது. முகில் இல்லாத வளிக்கோளத்தில் விண்மீனின் ஒளி ஆழம் வரை இறங்கி, அதன் நீலக்கூறே மிகுதியாகச் சிதறித் திரும்பும். பூமியின் பகல் வானத்தை நீலமாக்கும் அதே விதி அக்கோளையே நீலமாக்கிவிடும். வளிக்கோள்களை அவற்றின் வெப்பத்துக்கேற்ப ஐந்து வகையாகப் பிரித்து டேவிட் சுடார்ஸ்கியும் உடனாய்வாளரும் 2000 ஆம் ஆண்டில் முன்வைத்த வகைப்பாட்டில், முகிலற்ற நீலக் கோள்களைக் கொண்ட மூன்றாம் வகைக்கு மிக நெருக்கமாகச் சமகிய அமைகிறது. தெளிந்த நீலக் கோளமாக அதைக் கற்பனை செய்வது, ஆகவே, ஆதாரமுள்ள கற்பனையாகும்.

துணைக்கோள்கள் இருக்க இடமுண்டா?

பூமிக்குச் சந்திரனைப்போல் ஒரு கோளைச் சுற்றிவரும் சிறுகோளத்தைத் துணைக்கோள் என்பர். வியாழனுக்கும் சனிக்கும் துணைக்கோள்கள் மிகப் பல. ஆனால் புறக்கோள் எதற்கும் துணைக்கோள் உண்டு என்பது இன்றுவரை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படவில்லை. முன்வைக்கப்பட்ட சில சான்றுகளும் விவாதத்திலேயே இருக்கின்றன. எனினும் சமகியவுக்குத் துணைக்கோள் இருக்க முடியுமா என்ற கேள்விக்குக் கணக்கு ஒரு விடை தருகிறது. எந்தக் கோளைச் சுற்றியும், அதன் ஈர்ப்பு விண்மீனின் ஈர்ப்பை விஞ்சி ஆட்சிசெய்யும் ஓர் எல்லை உண்டு. சமகிய தன் விண்மீனை மிக நெருங்கும் வேளையிலும் அவ்வெல்லை ஏறத்தாழ 70 இலட்சம் கிலோமீற்றர் வரை விரிகிறது. அதில் உட்பாதிக்குள் சுற்றும் துணைக்கோள் நெடுங்காலம் நிலைத்திருக்கக்கூடும். வியாழனின் பெருந்துணைக்கோள்களான கனிமீடு 10.7 இலட்சம் கிலோமீற்றரிலும் கலிஸ்டோ 18.8 இலட்சம் கிலோமீற்றரிலும் சுற்றுகின்றன. ஆகவே அவற்றைப் போன்ற துணைக்கோள்கள் சமகியவிடம் தங்கியிருக்க இடம் தாராளமாக உண்டு.

கனிமீட்டின் தொலைவில் ஒரு துணைக்கோள் அங்கே இருப்பதாகக் கொண்டால், அது ஏறத்தாழ ஆறு நாட்களில் சமகியவை ஒருமுறை சுற்றிவரும். நமது சந்திரனைப்போல் அதுவும் எப்போதும் ஒரே முகத்தையே தன் கோளுக்குக் காட்டும் என்பதால், அதன் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து நமது ஆறு நாள் அளவு நீளும். கோளை நோக்கிய முகத்தில் நிற்பவருக்கு, நமது முழுநிலவைவிட ஏறத்தாழ 15 மடங்கு அகன்ற நீல வட்டம் எழாமலும் மறையாமலும் வானில் ஒரே இடத்தில் நிலைத்து நின்று, அங்கேயே வளர்ந்து தேயும். சாமய விண்மீனோ, கோள் நெருங்கும் காலத்தில் நமது சூரியனைப்போல் இரண்டு மடங்கு அகன்றும், விலகும் காலத்தில் சற்றே பெரிதாகவும் தோன்றும். அப்போது வந்துசேரும் வெப்பமும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பூமியில் பருவங்கள் அச்சின் சாய்வால் விளைகின்றன. அங்கே தொலைவே பருவத்தை ஆக்கும். இவ்வளவு வெப்பத்தில் நீர் நிலைத்திருப்பது அரிதாதலால் அத்தகைய துணைக்கோளில் உயிர் தழைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

வானமும் புராணமும்

ஆயினும் அங்கே வாழ்வோர் உளர் என்று ஒரு கணம் கற்பித்துக்கொண்டால், அவர்களுடைய புராணம் எப்படியிருக்கும் என்ற கேள்வி, நமது புராணங்கள் எப்படித் தோன்றின என்பதை விளக்கப் பெரிதும் உதவும். இந்நாட்டு மரபில் கிரகணம் என்பது இராகுவும் கேதுவும் சூரிய சந்திரரை விழுங்கும் நிகழ்ச்சி. எப்போதாவது நேர்வதாலேயே அது அச்சத்துக்கும் நோன்புக்கும் உரியதாயிற்று. அந்தத் துணைக்கோளின் பாதை பெரிதும் சாயாதிருக்குமாயின், அங்கே ஒவ்வொரு பகலின் நடுவிலும் விண்மீன் நீலக் கோளின் பின்னே சென்று ஏறத்தாழ மூன்று மணிநேரம் மறையும். நாள்தோறும் உச்சிப்பொழுதில் இருள் வரும் உலகில் கிரகணம் தீக்குறியாகக் கருதப்படாது. ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் உரிய வேளையாகவே கொள்ளப்படும். கோளுக்குப் புறங்காட்டிய மறுபாதியில் பிறந்தவர்களோ அந்நீல வட்டத்தைக் கண்டறியாமலே வாழ்ந்து, ஆயுளில் ஒருமுறையேனும் அதைத் தரிசிக்க நெடும்பயணம் மேற்கொள்வர். வானில் நிகழ்வது எதுவோ அதுவே மண்ணில் கதையாகிறது என்ற உண்மையை இக்கற்பனை உணர்த்துகிறது.

பூமிக்கு அப்பாலும் உலகங்கள் உண்டு என்ற எண்ணம் இத்தீவுக்குப் புதிதன்று. பௌத்த நூல்கள் பத்தாயிரம் உலகத் தொகுதிகளைப் பற்றிப் பேசுகின்றன. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் நூறு கோடிக்கும் மேற்பட்ட அண்டங்களைச் சொல்லி, அவை அனைத்தும் இறைவனின் முன் நுண்துகள்களாகத் தோன்றும் என்கிறார். தம்புள்ளைக் குகைகளில் புத்தர் உருவங்களுக்கு அருகே விஷ்ணுவின் உருவமும் சமன் தெய்வத்தின் உருவமும் நிற்பதைக் காண்பவர், பல உலகங்களைக் கற்பித்த இரு மரபுகள் ஒரே பாறையின் நிழலில் சேர்ந்திருந்ததை உணர்வர். அக்குகைகளின் சுவரோவியங்களுள் பெரும்பகுதி, 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட, நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் புதுக்கித் தீட்டப்பட்டவை. இன்றிரவு தம்புள்ளையை வந்தடையும் சாமய விண்மீனின் ஒளி, அந்தத் தூரிகைகள் பாறையைத் தொடுவதற்கும் முன்னரே புறப்பட்ட ஒளியாகும்.

தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள சீகிரியாக் குன்றும் விண்வெளிக் கற்பனையில் இடம்பெற்றதொன்று. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அறிவியற்புனைகதை ஆசிரியர் ஆதர் சி. கிளார்க், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் உயர்த்தியைப் பற்றி 1979 இல் வெளியிட்ட புதினத்தில் சீகிரியாவையே யக்ககல என்ற பெயரில் ஒரு களமாக அமைத்தார். 1986 இல் வெளிவந்த அவரது மற்றொரு புதினம், மூன்று தீவுகள் தவிர முழுவதும் கடலாக உள்ள தலாசா என்ற புறக்கோளில் நிகழ்கிறது. சூரியனை ஒத்த விண்மீனுக்குக் கோள் ஒன்று உறுதியாகக் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் அதை எழுதினார். இலங்கை பெயரிட இருந்த கோளின் கண்டுபிடிப்பு வெளியான அதே 2008 இல், மார்ச் 19 ஆம் நாள், அவர் கொழும்பில் காலமானார்.

கலைந்துபோன தெய்வம்

கற்பனை அறிவுக்கு வழிகாட்டும் என்றாலும், அறிவின் இடத்தில் அதை அமர்த்திவிடலாகாது என்பதற்குச் சமகியவின் அண்டை வானிலேயே சான்று உண்டு. தென்மீன் உடுத்தொகுதியின் மிக ஒளிமிக்க விண்மீன் பொமல்ஹோட்; 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அது, தம்புள்ளை வானில் சாமயவைத் தொடர்ந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணிநேரம் பிந்தி உச்சியை அடையும். ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் படங்களில் அவ்விண்மீனருகே தெரிந்த ஒளிப்புள்ளி ஒரு கோள் என்று 2008 இல் அறிவிக்கப்பட்டது. 2015 இல் அதற்கு, மீனுருவத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பண்டைய மேற்காசியத் தெய்வமான தேகொனின் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் எடுத்த படங்களில் அந்தப் புள்ளி படிப்படியாக விரிந்து மங்கி மறைந்தது. இரண்டு பனிக்கோளங்கள் மோதியதால் எழுந்த தூசிமுகிலே அது என்று 2020 இல் வெளியான ஆய்வு விளக்கியது. தெய்வத்தின் பெயர் பெற்ற உலகம் தூசியாகக் கலைந்தது. எண்ணால் மட்டுமே அறியப்பட்டு, எவர் கண்ணுக்கும் தெரியாதிருந்த சமகிய நிலைத்து நின்றது.

இவ்வேறுபாட்டில் உள்ள பாடம் வானியலுக்கு மட்டும் உரியதன்று. காண்பதை நம்புவது எளிது. காணாததைப் பொறுமையாக அளந்து, அளந்ததை மீண்டும் சோதித்து, தெரிந்ததையும் ஊகத்தையும் கலவாமல் வைத்திருப்பது கடினம். அப்பொறுமையில்லாமல் கோளும் கிடைப்பதில்லை, அந்தக் கோள் தாங்கிநிற்கும் ஒற்றுமையும் கிடைப்பதில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி தம்புள்ளையினூடாகவே செல்கிறது; அவ்வழியே பயணிப்போர் சிங்களம் பேசினும் தமிழ் பேசினும் அவர்களுக்கு மேலே உள்ள வானம் ஒன்றே. பாடசாலைகளும் வானியல் ஆர்வலர்களும் ஒளி குறைந்த ஊர்ப்புறங்களில் சிறிய தொலைகாட்டிகளை நிறுவி, செப்டெம்பர் இரவுகளில் பிள்ளைகளுக்குச் சாமயவைக் காட்டி, அதன் பெயருக்கு இரு மொழியிலும் பொருள் சொல்லித் தருவது இயலாத செயலன்று. வானில் எழுதிவைத்த அந்தச் சொற்களுக்கு நாடு செலுத்தவேண்டிய கடன் அது.

சமகியவைக் கண்டறிந்த குழு தனது 2008 ஆம் ஆண்டுக் கட்டுரையில் மேலும் ஒன்றைப் பதிவுசெய்துள்ளது. 279.8 நாள் அசைவுக்குப் புறம்பாக, சாமய விண்மீனின் வேகம் நாளுக்கு நாள் மிக மெல்ல மாறிவருகிறது. அம்மாற்றம், சமகியவுக்கும் வெளியே தொலைவில் இரண்டாவது உடல் ஒன்று சாமயவைச் சுற்றிவரக்கூடும் என்பதைக் காட்டுகிறது. அதற்கு இன்னும் பெயர் இல்லை.